கேம் கியர் ரிப்பேர் என்று சொல்லி 2,650 ராண்ட் வாங்கிக்கொண்டு போர்டையே கொன்றுவிட்டார்கள்: டர்பன்காரர்கள் கவனிக்கவும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய கேம் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பிறகு யாரிடம் வேண்டுமானாலும் ரிப்பேருக்குக் கொடுங்கள். 2,650 ராண்ட் போனது போனதுதான். அதைவிட வயிறு எரிவது, காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு மெயின் போர்டைக் கூலி வாங்கிக்கொண்டு கெடுத்திருக்கிறார்களே, அதற்குத்தான்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சாட்ஸ்வர்த்தா ஃபீனிக்ஸா, டர்பனில் எந்தப் பகுதி என்றும் கேட்காதீர்கள். ஒரு மாலுக்குள் செல்ஃபோன் ஸ்க்ரீன் மாற்றிக் கொடுத்துக்கொண்டே, கண்ணாடியில் பழைய கேம் கன்சோல் படங்களும் ஒட்டி வைத்திருக்கும் வகைக் கடை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்தது செகா கேம் கியர். 1990இல் ஜப்பானில் வெளிவந்த கைக்கருவி, ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஓடுவது. இதற்கு வரும் நோய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளே மெயின் போர்டு, சவுண்ட் போர்டு, பவர் போர்டு என்று மூன்று சர்க்யூட் போர்டு. மூன்றிலும் இருக்கிற சின்ன அலுமினிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள், உள்ளே எலெக்ட்ரோலைட் என்ற திரவம் இருக்கும்) வயதானால் கசியும். முதலில் ஸ்பீக்கர் சத்தம் போகும், ஹெட்ஃபோனில் மட்டும் லேசாகக் கேட்கும். அப்புறம் ஸ்க்ரீன் வெளிறிப்போய், சாய்த்துப் பார்த்தால்தான் படம் தெரியும். கடைசியில் ஆன் ஆகாது. இந்தக் கருவி இரண்டாவது கட்டத்தில் இருந்தது. அதாவது முழுசாகப் பிழைக்கக்கூடிய நிலை.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் அரைகுறை ஆள் மாதிரி பேசவில்லை. "அண்ணா, இதுல பெரிய சிப் ஒண்ணு இருக்கிற போர்டு, ரெண்டு இருக்கிற போர்டுன்னு ரெண்டு வகை இருக்கு. கெப்பாசிட்டர் மதிப்பு மாறும். தொறந்து பாக்காம விலை சொல்ல மாட்டேன்" என்றார். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. கண்ணெதிரே திறந்தார், மைக்ரோஸ்கோப்பில் காட்டினார், சவுண்ட் போர்டை முகர்ந்து பார்த்து "மீன் வாடை வருது பாருங்க, கசிஞ்சிருக்கு" என்றார். அதுவும் சரி. கசிந்த எலெக்ட்ரோலைட் சூடானால் அந்த வாடைதான் வரும். பிறகு டிராயரைத் திறந்து சீல் வைத்த பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நிச்சிக்கான் என்ற ஜப்பானியக் கம்பெனியின் கெப்பாசிட்டர்கள், 105 டிகிரி வரை தாங்குபவை, மதிப்பு வாரியாகச் சீட்டு ஒட்டியது. "மூணு போர்டும் முழுசா மாத்திடுறேன், மூணு மாசம் வாரண்டி." பார்க்க 250, கெப்பாசிட்டர் செட் 700, கூலி 1,700. மொத்தம் 2,650 ராண்ட், முழுசும் முன்கூட்டியே இஎஃப்டியில், அதாவது நேரடி வங்கிப் பரிமாற்றத்தில். விஷயம் தெரிந்தவனிடம் கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் அனுப்பிய பணம் அது. தொழில் தெரிந்துகொண்டே இதைச் செய்திருக்கிறான் என்பதால்தான் கோபம் இரட்டிப்பாகிறது.

திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே சோனிக் கேம் ஓடியது. சத்தம் வந்தது, படம் தெளிவு. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் விளையாடியதும் சத்தம் தேய்ந்தது. அடுத்தடுத்த நாட்களில் படம் வெளுத்தது, அப்புறம் மொத்தமாக அடங்கிவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது இதுதான்.

சவுண்ட் போர்டில் ஒரு கெப்பாசிட்டர்கூட மாற்றப்படவில்லை. அதே பழைய டப்பாக்கள், அதே மங்கிய கால்கள், மேலே புது ஃப்ளக்ஸ் (பற்றவைக்க உதவும் பசை) மட்டும் பளபளவென்று தடவியிருக்கிறது. அப்படியானால் கவுண்டரில் எப்படிச் சத்தம் வந்தது? காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக்கைச் சூடாக்கினால் அதன் உள் எதிர்ப்பு, அதாவது ஈஎஸ்ஆர், தற்காலிகமாக இறங்கும். ஹாட் ஏர், அதாவது சூடான காற்று ஊதும் கருவியைக் காட்டிவிட்டு உடனே கையில் கொடுத்தால் ஓடும். ஆறினால் பழைய கதை. தற்செயலாக நடந்திருக்கலாம் என்று நினைக்க முடியவில்லை.

பவர் போர்டு இன்னும் மோசம். இதிலிருந்து 5 வோல்ட் ஒரு பக்கம், ஸ்க்ரீனுக்காக 30 வோல்ட்டுக்கு மேல் ஒரு பக்கம் வெளியே போகிறது. அந்த உயர் வோல்ட்டேஜ் இடத்தில் இருக்க வேண்டியது 22 மைக்ரோஃபாரட் (தேக்கும் அளவு), 35 வோல்ட் (தாங்கும் அளவு) கெப்பாசிட்டர். போட்டிருப்பது 22 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், பெயரில்லாத சரக்கு. இரண்டு மடங்கு அழுத்தம். அது தலை வீங்கி, அடியில் ஈரம் கசிந்து கிடந்தது. மைக்ரோஃபாரட் பொருந்தினால் போதும் என்று வோல்ட்டைப் பார்க்காமல் போட்டால் இதுதான் கதி. 35க்குப் பதில் 50 வோல்ட் போடலாம், உயரம் இடித்தால் பக்கவாட்டில் படுக்க வைக்கலாம். குறைத்து மட்டும் போடவே கூடாது.

மெயின் போர்டில்தான் கொலை. அங்கே சில இடத்தில் டான்டலம் என்ற வேறு வகைக் கெப்பாசிட்டரைப் போட்டிருக்கிறார்கள். டான்டலம் போடுவது தப்பில்லை, ஆனால் ஒரு விஷயம் ஆரம்பப் பாடம். எஸ்எம்டி (போர்டின் மேல்பரப்பிலேயே பற்றவைக்கும் வகை) அலுமினியத்தில் கறுப்புப் பட்டை மைனஸ். எஸ்எம்டி டான்டலத்தில் பட்டை பிளஸ். இவர்கள் அலுமினியத்தைப் பார்த்து அதே திசையில் டான்டலத்தையும் வைத்திருக்கிறார்கள். தலைகீழாகப் போட்ட டான்டலம் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு உள்ளே ஷார்ட் ஆகும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் பீப் என்று கத்துகிறது. இதற்கு மேல், இரண்டு இடத்தில் பேட் (பாகத்தின் கால் ஒட்டும் செப்புத் தகடு) பெயர்ந்துவிட்டது. பெயர்ந்ததைச் சொல்லாமல், பக்கத்து டிராக்கை (போர்டில் மின்சாரம் போகும் செப்புக் கோடு) சுரண்டி, சால்டரை (பற்றவைக்கும் உலோகக் கலவை) உருண்டையாகக் கொட்டி, மேலே சூப்பர் க்ளூ. கசிவைக் கழுவவே இல்லை, பச்சைப் பாசி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

போன் செய்தபோது வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், "டர்பன் ஈரக்காத்து அண்ணா, நாங்க என்ன பண்றது." ஈரக்காற்றா 35 வோல்ட்டை 16 ஆக்கியது? அடுத்து, "லோட் ஷெட்டிங் முடிஞ்சு கரண்ட் வந்தப்ப சர்ஜ் அடிச்சிருக்கும்." வாங்கி வந்ததிலிருந்து அடாப்டரே செருகவில்லை, ஆறு பேட்டரியில்தான் ஓடியது. பேட்டரிக்கு ஏது சர்ஜ்? அதைச் சொன்னதும், "முதலாளி இல்ல, திங்கட்கிழமை பேசுங்க." திங்கட்கிழமை வேறொரு குரல், வேறொரு திங்கட்கிழமை. போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் விழவில்லை. நேரில் போனபோது, "சீல் உடைஞ்சிருக்கு, வாரண்டி கிடையாது." பழைய பாகங்களையாவது கொடு என்றால், "குப்பையில போட்டாச்சு." மாற்றாத பாகம் எப்படிக் குப்பைக்குப் போகும்? 2,650 ராண்ட் வாங்கியவர்கள் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வேலை ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. மூன்று போர்டிலும் சேர்த்து ஏறக்குறைய இருபது கெப்பாசிட்டர், போர்டு வகையைப் பொறுத்து எண்ணிக்கை கொஞ்சம் மாறும். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் மதிப்பையும் திசையையும் போட்டோ எடுக்க வேண்டும். கசிந்தது காரத்தன்மை உள்ளது, அதனால் பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் வினிகரையும் எடுத்துவிட வேண்டும். அரித்த பேட் சால்டரை ஏற்காது. அதில் புது ஈயச் சால்டர், 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), நிறைய ஃப்ளக்ஸ் சேர்த்து உருக்கிவிட்டு, 330 டிகிரி வாக்கில் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் மாறி மாறிச் சூடாக்கி, தானாக நகர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும். முறுக்கிப் பிடுங்குவதும், ஹாட் ஏரை ஒரே இடத்தில் காட்டிக்கொண்டே இருப்பதும்தான் பேட்டைப் பெயர்க்கும். பெயர்ந்தாலும் வழி இருக்கிறது: அந்த டிராக் அடுத்து எங்கே போகிறதோ, அங்கே போர்டில் இருக்கும் ஓட்டைக்கு 30 கேஜ் மெல்லிய கம்பி ஒன்று இழுத்தால் போதும். பொறுமை இருந்தால் ஒரு மாலை வேலை. இதற்குத்தான் 1,700 ராண்ட் கூலி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 57ஆம் பிரிவு: ரிப்பேரில் போட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. கடைக்காரன் தயவில் கொடுப்பதில்லை அது. நாம் முறைகேடாகப் பயன்படுத்திக் கெடுத்திருந்தால்தான் அது போகும். 67ஆம் பிரிவு: கழற்றிய பழைய பாகங்களைத் தனியாக வைத்து நம்மிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. இந்த இரண்டையும் கடிதத்தில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அடுத்தது ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட். 20,000 ராண்ட் வரை அங்கே வழக்குப் போடலாம், வக்கீல் வைக்க முடியாது, அவர்களும் வைக்க முடியாது.

இன்னும் விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முழுப்பணம் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் மூன்று போர்டையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே திறக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். பழைய கெப்பாசிட்டர்களை எண்ணி வாங்குங்கள். கருவியைக் கையில் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை அங்கேயே நின்று, அரைமணி நேரமாவது பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என்னென்ன மதிப்பு, எத்தனை வோல்ட் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், வெறும் "சர்வீஸ்" என்று எழுதினால் ஏற்காதீர்கள்.

யாரிடமாவது ஸ்க்ரீன் உடைந்து சும்மா கிடக்கும் கேம் கியர், இரண்டு சிப் போர்டு உள்ளது இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். இதே வகைக் கடையில் இதே மாதிரி பணம் இழந்தவர்கள் ரசீதையும் போர்டு போட்டோவையும் எடுத்து வைத்திருங்கள், கோர்ட்டில் காட்டத் தேவைப்படும்.