பாம்ப்ளமூஸா, கியூர்பீப்பா?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கடற்கரைக்கு அடுத்து எங்கே கூட்டிப்போவது? மொரீஷியஸில் யாரைக் கேட்டாலும் பாம்ப்ளமூஸ் தோட்டம் என்பார்கள். தைப்பூசத்துக்குத் திருச்சியிலிருந்து வந்த சித்தப்பாவையும் சித்தியையும் நானும் முதலில் அங்கேதான் அழைத்துப் போனேன். இரண்டு நாள் கழித்து கியூர்பீப் தோட்டம்.

பாம்ப்ளமூஸ் என்பது நம் பம்பளிமாஸ்தான். பழத்தின் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கைவினைஞர்களை இங்கே வரவழைத்த ஆளுநர் லபூர்தொனேயின் வீட்டுக் காய்கறித் தோட்டமாகத் தொடங்கிய இடம் இது. 1767இல் நிர்வாகியாக வந்த பியேர் புவாவ்ர்தான் இதை வாசனைப் பயிர்களுக்கான தோட்டமாக்கினார். டச்சுக்காரர்கள் பொத்திப் பாதுகாத்த ஜாதிக்காயையும் கிராம்பையும் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கடத்திவரச் செய்தவர். பிரெஞ்சில் புவாவ்ர் என்றால் மிளகு. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்!

எல்லோரும் தேடி ஓடுவது ராட்சத அல்லிக் குளத்துக்கு. விளிம்பு நிமிர்ந்த தாம்பாளம் மாதிரி இலைகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாது. "இதுல ஒரு பந்தியே பரிமாறலாம் போலிருக்கே" என்றார் சித்தி. முதல் மாலை வெள்ளையாக விரியும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகும். நாங்கள் போனது உச்சிவெயிலில், கிடைத்தது கூம்பிய பூக்கள்தான். காலையிலேயே போய்விடுங்கள்.

தாளிப்பனைகளும் உண்டு. ஆயுளில் ஒரே முறை பூத்துக் காய்த்துச் சாகும் மரம். எங்களுடன் வந்த வழிகாட்டி "நூறு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும்" என்று அடித்துவிட்டு, முடிவில் பேசியதற்கு மேல் பணம் கேட்டார். உண்மையில் இந்த மரம் முப்பதிலிருந்து எண்பது ஆண்டுக்குள் பூத்துவிடும். சித்தப்பாவுக்கு அந்தக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. "நம்ம சுவடியெல்லாம் எழுதின சீதாள ஓலை இதுதாண்டா" என்று உதிர்ந்து கிடந்த மட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கியூர்பீப்பில் குளம், புல்வெளி, மரநிழல், அவ்வளவுதான். 1870இல், பாம்ப்ளமூஸ் வெக்கையைத் தாங்காத செடிகளுக்காக மேட்டுநிலத்தில் போட்ட தோட்டம். சுமார் 550 மீட்டர் உயரம், எந்த மாதத்திலும் தூறும். கட்டணம் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஆனால் இங்கே இரும்புச் சட்டத்துக்குள் ஒரு பனை நிற்கிறது. ஹையோஃபோர்பி அமரிகாலிஸ், உலகத்திலேயே இந்த ஒன்றுதான் மிச்சம். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே நேரத்தில் மலராததால் தானாகக் காய் பிடிப்பதில்லை. ஆய்வகத்தில் முளைக்கவைத்த கன்றுகளும் மண்ணுக்கு மாற்றியதும் பட்டுப்போயின. பார்வைக்கு நோஞ்சான் மரம். சித்தி சட்டத்துக்கு வெளியே நின்று, "இதுக்கு நாதியே இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரே நாள்தான் இருக்கிறதென்றால், விருந்தாளிக்கு பாம்ப்ளமூஸ்தான். குழந்தைகள் உடன் இருந்தால் சந்தேகமே வேண்டாம், பெரிய ஆமைகள் இருக்கின்றன. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். எனக்கு மட்டும் என்றால் கியூர்பீப். தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து மெட்ரோவிலேயே போகலாம், குடை மட்டும் கையில் இருக்கட்டும்.