நம்மாழ்வார் விருதுக்கு விண்ணப்பம் போட சாயல்குடி கணினி மையத்துக்குப் போன அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி தாலுகாவில், வாலிநோக்கம் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி. ஒன்றரை ஏக்கர் முண்டு மிளகாய், மீதி சித்திரைக்கார் நெல், வரப்போரம் பனை. உரமூட்டை வாங்குவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. அப்பா போன பிறகு காடு முழுக்க அம்மா கையில்தான். அவருக்கு ஒரு மரியாதை கிடைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் விருதுக்கு விண்ணப்பம் போடக் கிளம்பினேன். இரண்டு வருஷம் அலைந்ததில் தெரிந்ததை எழுதுகிறேன், நம்ம பக்கத்து விவசாயிகளுக்கு உதவும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. விருது என்று பேச்சை எடுத்ததுமே ஒரு தனியார் அமைப்பிலிருந்து போன் வந்தது. சென்னையில் பெரிய ஹாலில் விழாவாம், சால்வை, கேடயம், பத்திரிகையில் படம் எல்லாம் உண்டாம், பதிவுக் கட்டணம் மட்டும் பதினெட்டாயிரம் கட்ட வேண்டுமாம். நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, என்ன பயிர் என்றுகூடக் கேட்கவில்லை. எங்களுக்கு அது இரண்டு குவிண்டால் வத்தலை களத்தில் காயப்போட்டு அள்ளும் உழைப்பு. காட்டைப் பார்க்காமல் கொடுப்பது விருதே இல்லை, அப்படி யாராவது கேட்டால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

அப்புறம்தான் நம்மாழ்வார் விருது பற்றி விசாரித்தேன். 2023-24 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது, அப்போது சொன்ன பரிசு 5 லட்சம் ரூபாய், கூடவே பாராட்டுப் பத்திரம். இயற்கை விவசாயம் செய்தால் மட்டும் போதாது, மற்ற விவசாயிகளையும் அந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். வானகம் என்ற தன் இயற்கை விவசாயப் பண்ணையில் உட்கார்ந்து ஊர் ஊராக ஆட்களை மாற்றிய நம்மாழ்வார் ஐயா பெயரில் உள்ள விருது வேறு எப்படி இருக்கும்?

சரி, மையத்துக்கு வருகிறேன். சாயல்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். நடத்துகிற தங்கச்சி பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். இதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கடைக்குப் போனேன், அங்கே மூவாயிரம் கேட்டார்கள், கொண்டுபோன தாள்களை ஒன்றையும் படிக்காமல் அப்படியே ஏற்றிவிடப் பார்த்தார்கள். இந்தத் தங்கச்சி கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. முதலில் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தது. ஐந்து நிமிஷம் கழித்து, "அண்ணே, பட்டா இன்னும் அப்பா பேர்லயே இருக்கு, அம்மா பேர்ல விண்ணப்பம் போட்டா இதுலயே நின்னுரும். முதல்ல வாரிசுச் சான்றிதழ் வாங்குங்க, அப்புறம் பட்டா மாறுதல். இப்ப பணம் எதுவும் தர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டது. அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஐந்து நிமிஷம்தான் எங்கள் விண்ணப்பத்தைக் காப்பாற்றியது. நம்ம பக்கம் பாதிப் பேர் நிலம் தாத்தா பேரிலேயே கிடக்கிறது, கூட்டுப் பட்டாவாக இருந்தால் இன்னும் சிக்கல்.

அடுத்தது அங்ககச் சான்று, அதாவது ரசாயனம் இல்லாமல் விளைவிக்கிறோம் என்பதற்கான சான்று. விண்ணப்பத்தில் 'அங்கக வேளாண்மை' என்று இருந்ததைப் படித்ததும் அம்மா, "அங்ககம்னா என்ன தாயி?" என்று கேட்டார். "நீங்க செய்யிறதுதான் பெரியம்மா" என்றது தங்கச்சி. சான்று தருவது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை. பண்ணை வரைபடம், மண், தண்ணீர் பரிசோதனை, ஆண்டுப் பயிர்த் திட்டம், நில ஆவணம் எல்லாம் கேட்பார்கள். நெல், மிளகாய் மாதிரி ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருஷம் மாறுதல் காலம், தென்னை, மா மாதிரி நிலைத்த பயிருக்கு மூன்று வருஷம். அதனால் விருது அறிவிப்பு வந்த பிறகு சான்றுக்கு ஓடினால் நடக்காது. ஐந்து பேராவது சேர்ந்து குழுவாகப் பதிந்து, ஒருவர் காட்டை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறையும் இருக்கிறது, சிறு விவசாயிக்குச் செலவு குறைவு.

எங்களிடம் கணக்குப் புத்தகம் எதுவும் கிடையாது. எந்தத் தேதியில் என்ன போட்டீர்கள் என்ற கேள்வி வந்ததும் நான் முழித்தேன். அம்மா வீட்டுக்குப் போய் ஒரு கம்பியை எடுத்து வந்தார். மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்தக் கம்பி. அதில் ஆறு வருஷத்து நாள்காட்டித் தாள், கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அவர் கையெழுத்து. 'மூக்கையூர் மீன் கழிவு 10 கிலோ, வெல்லம் 10 கிலோ, பானையில் போட்டது.' 'இன்று வடிகட்டியது, 10 லிட்டருக்கு 100 மில்லி, கிழக்குக் காடு.' 'இலைப்பேன், வேப்பங்கொட்டைக் கரைசல்.' 'மழை.' நிறையத் தாளில் அந்த ஒரு சொல் மட்டும்தான். தங்கச்சி ஒவ்வொரு தாளாகப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, ஸ்கேன் பண்ணி, கூடவே ஒரு நோட்டில் அழகாக எடுத்து எழுதியும் கொடுத்தது. இரண்டு சாயங்காலம் ஆனது. எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கியது 350 ரூபாய்.

சான்றுக்கு ஆய்வு செய்ய வந்த அதிகாரி அம்மாவிடம் நேராகக் கேட்ட கேள்வி, பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தால் இங்கே வராதா என்பதுதான். அம்மா பதில் சொல்லாமல் வடக்கு வரப்புக்குக் கூட்டிப்போய், தடுப்பாக நட்ட ஆமணக்கு வரிசையையும் பனைக்கு நடுவே விட்டிருக்கிற இடைவெளியையும் காட்டினார். திரும்பும்போது களத்தில் கிடந்த வத்தல் ஒன்றை எடுத்து அதிகாரியின் காதோரம் ஆட்டிக் காட்டினார். நன்றாகக் காய்ந்த முண்டு, உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். அதிகாரியும் இன்னொன்றை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அது இருப்பதாலேயே நம் வத்தலில் அதைப் போட்டு விற்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியாகப் பதிய வேண்டும். இதையும் தங்கச்சிதான் சொன்னது. சித்திரைக்கார் விதையை விடாமல் வைத்திருப்பதால் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்தின் மரபு வளப் பாதுகாவலர் விருதுக்கும் போடலாம் என்றது. அதில் ஊர்க் குழுவுக்கு 10 லட்சம் வரை உண்டு. பெங்களூரைச் சேர்ந்த இயற்கை வேளாண்மை அமைப்பான ஐ.சி.சி.ஓ.ஏ. வழங்கும் ஜைவிக் இந்தியா விருதும் இருக்கிறது.

குறை என்றால், ஒரே ஸ்கேனர், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் சாதி, வருமானச் சான்றிதழ் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. கரண்ட் போனால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான், இன்வெர்ட்டர் கிடையாது. படங்களையும் தங்கச்சி கொஞ்சம் அதிகமாகச் சுருக்கிவிட்டது, பயிர்ப் படம் மங்கலாகப் போய் மறுபடி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

போன முறை எங்களுக்கு விருது கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விவரம் எங்கள் விண்ணப்பத்தில் மெலிவாக இருந்தது, அது உண்மைதான். மீன் கழிவும் வெல்லமும் சேர்த்த அந்த மீன் அமிலத்தை அம்மா போடக் கற்றுக்கொடுத்த பெண்கள் எங்கள் தெருவிலேயே எட்டுப் பேர் இருக்கிறார்கள், அதை எழுத வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது அவர்கள் பெயரும் நாள்காட்டித் தாளில் ஏறுகிறது. போகிறவர்கள் ஜூனைத் தவிர்த்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போங்கள், பட்டாவை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.