உளவியலாளர் கட்டணம்: பாலிசியா, கைக்காசா, அரசு மருத்துவமனையா?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. இதை நம்பி, பாலிசி இருக்கிறதே என்று உளவியலாளரிடம் போகிறவர்கள் பில்லைக் கொடுக்கும்போதுதான் ஏமாறுகிறார்கள். சாதாரண மெடிக்ளெய்ம், உடல்நோய்க்கே அட்மிட் ஆனால்தான் பணம் தரும். மனநோய்க்கும் அதே விதிதான். உளவியலாளருடனான வாராந்தர அமர்வு ஓபிடி, அதாவது அட்மிட் ஆகாத புறநோயாளி சிகிச்சைக் கணக்கில் சேரும். அதற்குப் பணம் வராது.

ஓபிடி ரைடர் (ஓபிடி செலவுக்காகப் பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்பு) வைத்திருப்பவர்கள் அப்பாயின்ட்மென்ட் வாங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். போனில் சொல்லும் "கவர் ஆகும் சார்" பிறகு செல்லாது. மெயிலில் கேட்க வேண்டியவை இவை. உளவியலாளரின் பில்லை ஏற்பார்களா, மனநல மருத்துவரின் பில் மட்டும்தானா? மருத்துவர் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா? நிறுவனத்தின் நெட்வொர்க் பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போனால் ரீஇம்பர்ஸ்மென்ட், அதாவது நாம் கட்டிய பணம் திரும்பக் கிடைப்பது, உண்டா? ஆண்டு வரம்பு எவ்வளவு? கடைசிக் கேள்விதான் முக்கியம். வரம்பு 5,000 ரூபாய், ஓர் அமர்வு 1,500 என்றால் மூன்று அமர்வோடு முடிந்தது. சிகிச்சைக்கோ பத்துப் பன்னிரண்டு அமர்வு சாதாரணமாகத் தேவைப்படும்.

கிளெய்முக்குப் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவு வசதி. மருத்துவரும் உளவியலாளரும் ஒரே இடத்தில் இருப்பதால் பரிந்துரை, நோயின் பெயர், பில் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும். ஆனால் உளவியலாளரை நாமே தேர்ந்தெடுப்பது கடினம். தனி கிளினிக்கில் அந்தச் சுதந்திரம் உண்டு, சோதிக்கும் பொறுப்பும் நம்முடையது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண் தரத் தயங்கினால் வேறு ஆளைத் தேடுங்கள். பில்லிலும் அந்த எண் இருக்கட்டும். வெறுமனே "கவுன்சலிங் கட்டணம்" என்றிருந்தால் கிளெய்ம் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம்.

வேலை செய்யும் நிறுவனம் தரும் இலவச ஆலோசனையில் அமர்வுகள் குறைவு, எச்ஆருக்கு என்ன தகவல் போகும் என்று முதலிலேயே கேளுங்கள்.

கையில் காசு குறைவு என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு ஆகியவற்றையே முதலில் சொல்வோம். காத்திருப்பு நீளும், பேசும் நேரம் குறையும். ஆனால் பணம் தீர்ந்து சிகிச்சை பாதியில் நிற்காது. தற்கொலை எண்ணம் இருந்தால் பாலிசியைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.