கனடாப் போத்தலும் கிளினிக் குளிசையும்

ரொறன்ரோவில் இருந்து மச்சான் வந்தால் சொக்லேட்டோடு கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்கிற கப்சூல் போத்தல் ஒன்றும் வரும். திருகோணமலையில் எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது, அதனால்தான் அந்தப் போத்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 168 இருந்தது. டொக்டர் அதைக் குறைக்கிற ஸ்டாட்டின் வகைக் குளிசை, அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. போடச் சொன்னார். "தொடங்கினால் நிறுத்த ஏலாது, ஈரல் பழுதாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கதை சொன்னதால், அவரிடம் சொல்லிவிட்டே முதலில் போத்தலைத் திறந்தேன். இதய வருத்தமோ சீனி வருத்தமோ இல்லாதபடியால் அவரும் சரி என்றார், மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு.

லேபிள் எழுத்து கண்ணாடி போட்டாலும் பொடிதான். இரண்டு கப்சூலில் சிவப்பு ஈஸ்ட் அரிசி (ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த அரிசி) 1200 மி.கி., தாவர ஸ்டெரோல் 400 மி.கி., மிச்சம் உள்ளித் தூள். கப்சூலைப் பிரித்தால் செங்கல் நிறத்தில் மா மாதிரிக் கொட்டுகிறது. இதில் வேலை செய்யக்கூடிய சரக்கு அந்த அரிசியில் உள்ள மொனாகோலின் கே. அது வேறொன்றும் இல்லை, 1987இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். "இங்கிலிஷ் மருந்து வேண்டாம், இயற்கையாகப் பார்ப்போம்" என்று விழுங்குவதும் ஸ்டாட்டின்தான், என்ன, எவ்வளவு என்று மட்டும் போத்தலில் போடமாட்டார்கள். 2017இல் அமெரிக்கக் கடைகளில் இருந்து 28 சிவப்பு ஈஸ்ட் அரிசிப் போத்தல்களை எடுத்துச் சோதித்தபோது மொனாகோலின் கே அளவில் ஒன்றுக்கொன்று 60 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது, இரண்டில் அந்தச் சரக்கே இல்லை. புளிக்கவைப்பது சரியில்லை என்றால் சிட்ரினின் என்ற நஞ்சும் சேரும், அது சிறுநீரகத்துக்குக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அந்த அரிசியில் இருந்து வரும் மொனாகோலின் ஒரு நாளைக்கு 3 மி.கி.க்குக் குறைவாகத்தான் இருக்கலாம் என்று கட்டுப்பாடே போட்டுவிட்டது.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்: 161. லாப்பில் இன்றைக்கும் நாளைக்கும் பார்த்தாலே வரக்கூடிய வித்தியாசம் இது. அப்புறம் டொக்டரின் குளிசைக்கு மாறினேன், அடுத்த ரிப்போர்ட்டில் 104.

என் ஒருவனின் கணக்கை நம்ப வேண்டாம். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இன்னொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.யை மீன் எண்ணெய், கறுவா, உள்ளி, மஞ்சள், தாவர ஸ்டெரோல், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறோடும் 28 நாள் ஒப்பிட்டார்கள். ரோசுவாஸ்டாட்டின் போட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ 38 வீதம் இறங்கியது, மற்ற ஆறும் மருந்தே இல்லாத வெறும் குளிசையை விடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உள்ளிக்காரருக்குக் கொஞ்சம் ஏறியே இருந்தது! 28 நாள் குறுகிய காலம்தான், அதையும் சொல்ல வேண்டும். தாவர ஸ்டெரோலை நாளுக்கு 2 கிராம் எடுத்தால் 10 வீதம் வரை இறங்கலாம் என்று வேறு ஆய்வுகள் உண்டு, ஆனால் என் போத்தலில் இருந்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

மீன் எண்ணெய்க் கப்சூல் எல்டிஎல்லுக்கு இல்லை, ட்ரைகிளிசரைட் என்ற இரத்தத்தில் உள்ள வேறொரு கொழுப்புக்கு, அதுவும் டொக்டர் எழுதித் தருகிற பெரிய அளவில். சூடை மீனும் கீரி மீனும் கரைக்கு வருகிற ஊரில் அதைப் போத்தலில் வாங்குவானேன்? நான் காசு கொடுத்து வாங்குவது இசப்கோல் உமி மட்டும், எல்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கும், வயிற்றுக்கும் நல்லது. பால்சொதியை நாளாந்தம் இல்லாமல் ஆக்கியதுதான் வீட்டில் பெரிய சண்டை.

குளிசையிலும் குறை இருக்கிறது. சிலருக்குத் தசை நோவும், டொக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். ஈரலுக்குப் பெரிய கெடுதல் அபூர்வம், எனக்கு எஸ்ஜிபிடி என்ற ஈரல் இரத்தச் சோதனை பார்த்துத்தான் தொடங்கினார்கள். சிவப்பு அரிசிப் போத்தலையும் குளிசையையும் சேர்த்து மட்டும் போடாதீர்கள், இரண்டு ஸ்டாட்டின் ஒன்றாகப் போன கணக்கு.

போத்தலுக்கு ஒரு ஸ்டார். அரசாங்கக் கிளினிக் குளிசைக்கு நான்கு, அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு ஸ்டாரைக் குறைத்தது விடியவே போய் நம்பர் எடுத்துக் காத்திருப்பதற்கும், சில மாதம் "ஸ்டொக் இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு எழுதித் தருவதற்கும். அப்படி வெளியில் வாங்கும்போது மருந்தின் பெயரைச் சொல்லி விலை குறைந்த கொம்பனியைக் கேளுங்கள், கேட்காவிட்டால் விலை கூடியதுதான் முதலில் கைக்கு வரும்.