டேபிள் சா மெஷினில் ஸ்லெட்: நல்ல வெட்டும் ஒரு தீராத எரிச்சலும்

நான் வைத்திருக்கும் பத்து அங்குல டேபிள் சா மெஷினின் விலை இறங்கியிருக்கிறதாம். "அண்ணாச்சி, இதுலதானே நீங்க ஃபிரேம் எல்லாம் போடுறீங்க, வாங்கிரலாமா?" என்று தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. என் வேலை சுத்தமாக வருவதற்குக் காரணம் அந்த மெஷின் இல்லை, அதன் மேல் ஓடுகிற, நானே செய்த ஸ்லெட், அதாவது மரத்தை வைத்துப் பிளேடை நோக்கித் தள்ளுகிற சறுக்குப் பலகை. அந்த ஸ்லெட்டை நிம்மதியாக ஓட விடாததும் அதே மெஷின்தான். ஸ்லெட்டின் அளவுகளையும் தம்பி கேட்டிருந்தார்.

மோட்டார், பிளேடு அளவு எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். மரத்தைக் கோணம் பிடித்துத் தள்ள மெஷினோடு தருகிற மைட்டர் கேஜைப் பற்றி ஒரு வரி போதும்: ஒற்றைக் கம்பியில் ஆடிக்கொண்டே போகும், 45 என்று கோடு போட்ட இடத்தில் 45 இருக்காது. பூஜை அலமாரிக்கும் போட்டோ ஃபிரேமுக்கும் அதை நம்பி இறங்க முடியாது. அதனால்தான் ஸ்லெட். அடியில் 12 மில்லி பிளைவுட், மேசையில் உள்ள இரண்டு பள்ளங்களிலும் ஓட இரண்டு ரன்னர் (ஒல்லியான நீளச் சட்டம்), முன்னும் பின்னும் இரண்டு கட்டை. எதிர்ப்பக்கக் கட்டைக்கு ஒரே வேலை, நடுவில் வெட்டு விழுந்த பலகை இரண்டாகப் பிளக்காமல் பிடித்துக்கொள்வது. நம் பக்கக் கட்டைதான் உயிர். மரத்தை அதில் சாய்த்துத்தான் வெட்டுகிறோம், அது பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும்.

அதற்கு முன்னால் பிளேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, பள்ளத்தின் ஓரத்திலிருந்து அந்தப் பல் வரைக்கும் அளந்து, பிளேடைக் கையால் திருப்பி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடியும் அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் பிளேடின் சொந்தக் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும். இதைச் செய்யாமல் ஸ்லெட்டை மட்டும் நுணுக்கி நுணுக்கிச் சரி செய்தால், வெட்டின் முகத்தில் பிளேடின் பின்பக்கப் பற்கள் கீறிக்கொண்டே இருக்கும்.

கட்டையின் கோணத்துக்கு ஐந்து வெட்டு முறையை விட நம்பகமானது எதையும் நான் பார்த்ததில்லை. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். ஒரு சதுரப் பலகையை எடுத்து, ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கட்டையில் சாய்த்து அடுத்த பக்கம் வெட்டி, இப்படியே நாலு பக்கமும் சுற்றி வர வேண்டும். ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஓர் அங்குலப் பட்டையை அறுத்தெடுத்து அதன் இரண்டு முனைகளையும் வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். நாலு வெட்டின் பிழையும் அந்தப் பட்டையில் கூடி நிற்கும். ஒரு முனை 25.60, மறுமுனை 25.12, பட்டை நீளம் 400 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.48, நாலால் வகுத்தால் 0.12. அதாவது 400 மில்லிக்கு 0.12 மில்லி கோணல். கட்டையை ஒரு முனையில் ஒரே திருகில் பிடித்து, 500 மில்லி தள்ளி இருக்கும் மறுமுனையை நகர்த்துகிறோம் என்றால் அங்கே 0.15 மில்லி நகர்த்த வேண்டும். மெக்கானிக் இன்ஜினில் டேப்பட் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகள், ஃபீலர் கேஜ், இதற்கும் சரியாக உதவும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழம்ப வேண்டாம். மறுபடியும் ஐந்து வெட்டுப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கு ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் வரும் சந்தோஷம் பெரிது. 80 பல் பிளேடு, அடிப்பலகையில் பிளேடின் தடிமனுக்கு மட்டும் விழுந்த பிளவு, இரண்டும் சேர்ந்தால் வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய பிளைவுட்டின் ஓரம்கூடச் சிலும்பாமல் வரும். கீழே இடம் கொடுக்காமல் பலகை தாங்கிப் பிடிப்பதால் நார் பிய்ந்துகொள்ள வழி இல்லை. உப்புத்தாள் தேவையே இல்லை என்கிற வெட்டை முதலில் பார்க்கும்போது கையால் தடவாமல் இருக்க முடியாது.

மூலையில் 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கிற மைட்டர்தான் நான் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்த நிறைவு. ஃபிரேம் போடுகிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும். நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கால் டிகிரி பிசகினால் கடைசி மூலையில் இரண்டு டிகிரி திறந்து நிற்கும். 50 மில்லி அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 2.5 மில்லி இடைவெளி, புட்டி வைத்து மறைக்கிற விஷயம் இல்லை. மைட்டர் ஸ்லெட்டில் அம்பு முனை மாதிரி இரண்டு கட்டைகளை ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் இறுக்கிவிட்டால் போதும். இடப்பக்கம் 44.8 வந்தால் வலப்பக்கம் தானாகவே 45.2 வரும், சேர்ந்தால் 90. மூலையின் ஒரு துண்டை இந்தப் பக்கமும் அடுத்த துண்டை அந்தப் பக்கமும் வெட்ட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளமாக இருக்க ஒரு ஸ்டாப் கட்டை வைக்க வேண்டும். அதன் அடி ஓரத்தைச் சற்றுச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் மரத்தூள் சேர்ந்து ஒவ்வொரு துண்டும் ஒரு நூலிழை குறையும். அயனி மரத்தில் ஃபிரேம் போட்டு மூலை ஒட்டும்போது ஒளி தெரியாமல் மூடிக்கொள்ளும். இதை எத்தனை பேரிடம் காட்டினாலும் எனக்கு அலுப்பதில்லை.

இனி ரன்னர். என் எரிச்சல் முழுக்க இதில்தான்.

நாங்கள் இருப்பது நாகர்கோவில் பக்கம். எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வருடத்தில் இரண்டு முறை காற்று ஈரமாகும், இரண்டு முறையும் மர ரன்னர் ஊதும். கோடையில் வழுக்கிக்கொண்டு போன தேக்கு ரன்னர் ஐப்பசியில் பாதிப் பள்ளத்தில் நின்றுவிடும். ஓடுகிற பிளேடுக்கு முன்னால் ஒரு பொருளை முக்கித் தள்ளுவது போன்ற ஆபத்து வேறில்லை. சரி என்று இழைத்துவிட்டால் பங்குனியில் லொடலொடக்கும். மரத்தின் ஆண்டு வளையங்கள் பள்ளத்தின் பக்கச் சுவருக்கு இணையாக நிற்கும்படி ரன்னரை அறுத்தெடுத்தால் தேக்கு அகலவாக்கில் ஊதுவது ஏறத்தாழப் பாதியாகக் குறையும். குறைந்தது உண்மை, நிற்கவில்லை.

கடைசியில் பாத்திரக்கடையில் விற்கிற வெள்ளை எச்டிபிஇ காய்கறி நறுக்கும் பலகையை அறுத்து ரன்னர் ஆக்கினேன். அது ஈரம் குடிக்காது, மெழுகு கேட்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: திருகைக் கொஞ்சம் அதிகம் முறுக்கினால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் பக்கவாட்டில் பிதுங்கி இறுகிக்கொள்ளும். துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, திருகின் தலை உட்கார்ந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். மழைப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

மழை போன பிறகுதான் மெஷினின் குறை தெளிவாகத் தெரிந்தது. பள்ளம் முன்பக்கம் 19.0 மில்லி, நடுவில் 19.3, பின்னால் மறுபடியும் குறுகல். வார்த்த அலுமினிய மேசையில் பள்ளத்தைக்கூட ஒரே அகலமாகக் கடைந்து தர முடியவில்லையா? சர்வீஸில் கேட்டால் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் சார் இருக்கு" என்றார்கள். முன்பக்கம் நுழைகிற ரன்னர் நடுவில் ஆடும். ஆட்டம் சிறியதுதான், கோணத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பிளேடு அடிப்பலகையின் பிளவை ஒரு மயிரிழை அகலமாக்கும். பிளவு அகன்றால் ஓரம் சிலும்பும். எதற்காக ஸ்லெட் செய்தோமோ அதுவே மெல்ல மெல்லக் கைநழுவும். இரண்டு ரன்னரையும் சற்று ஒல்லியாக்கி, இரண்டையும் பிளேடுப் பக்கச் சுவரில் மட்டும் உரசும்படி பொருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இது ஓரளவுக்குத்தான் ஆட்டத்தை அடக்குகிறது. அடிப்பலகையில் ஒட்டுத்துண்டு வைத்துப் புதிதாகப் பிளவு போடுவது இப்போது வழக்கமான வேலையாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மெஷினின் கோணலுக்கு நான் ஏன் வருடம் முழுக்க ஈடுகட்ட வேண்டும்?

மெஷினைக் குறையாகவே சொல்லிக்கொண்டிருப்பதும் நியாயம் இல்லை. மோட்டார் இதுவரை மக்கர் செய்யவில்லை, நீளவாக்கில் அறுக்கும்போது நன்றாக இழுக்கிறது. பிளைவுட் அடிப்பலகை 12 மில்லி உயரத்தை விழுங்கிய பிறகும் என் வேலைக்கு ஆழம் தாராளம்.

ஸ்லெட் செய்பவர்கள் ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. வெட்டு முடியும்போது பிளேடு நம் பக்கக் கட்டையைத் தாண்டி வெளியே வரும், நம் கட்டைவிரல் அங்கேதான் இருக்கும். கட்டைக்குப் பின்னால் பிளேடு வரும் இடத்தில் ஒரு கனமான மரத்துண்டை ஒட்டிச் சிவப்பு அடித்துவிடுங்கள். ஸ்லெட் அதற்கு மேல் போகாமல் தடுக்க ஒரு ஸ்டாப்பும் வையுங்கள். ஒரே நீளத்தில் துண்டு போட வேண்டும் என்று மெஷினின் நீளவாட்டு ஃபென்ஸில் (பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்புச் சட்டத்தில்) முட்டி வெட்டாதீர்கள். அறுபட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மாட்டி எகிறும்.

அப்படியானால் தம்பிக்கு என்ன பதில்? இந்த மெஷினில்தான் இவ்வளவு நல்ல ஃபிரேம்கள் போட்டேன், அது உண்மை. ஆனாலும் வாங்க வேண்டாம், விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். கொஞ்சம் சேர்த்து வைத்து வார்ப்பிரும்பு மேசை உள்ளதைப் பாருங்கள். கடைக்குப் போகும்போது வெர்னியரைக் கையோடு கொண்டுபோய், இரண்டு பள்ளத்தையும் முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். 0.1 மில்லிக்கு மேல் மாறினால் எந்த மெஷினாக இருந்தாலும் அடுத்ததற்கு நகர்ந்துவிடுங்கள். என் ஸ்லெட்டின் அளவுகளைக் கேட்டிருந்தீர்கள், தருகிறேன். ஆனால் ரன்னர்களுக்கு நடுவிலுள்ள தூரம் மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால் மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு பிளைவுட் வாங்குங்கள்.