பத்துத் துவரும் ஒரு பொட்டலமும்: லாங்கு பஜாரில் வாங்கிய கூந்தல் பொடி

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள நாட்டுமருந்துக் கடையில், சென்ற சித்திரை மாதம், 'பழந்தமிழ்க் கூந்தல் பொடி' என்று கையால் எழுதி ஒட்டிய பொட்டலம் ஒன்றைப் பார்த்தேன். பழமையின் பெயரைச் சொல்லி விற்கும் எதையும் நான் உடனே வாங்குவதில்லை. பொட்டலத்தின் பின்புறம் எழுதியிருந்த சரக்குகளின் பெயர்களைப் படித்த பிறகே, 200 கிராமுக்கு 120 ரூபாய் கொடுத்தேன். கூடவே சாம்பிராணியும் ஒரு வேப்பமரச் சீப்பும் வாங்கினேன். மூன்று மாதம் நானும் என் மகளும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பூந்திக்கொட்டை, கடுக்காய், நெல்லிமுள்ளி, தான்றிக்காய், கருங்காலிப் பட்டை, நாவல் பட்டை, ஆலம்பட்டை, அரசம்பட்டை, அத்திப்பட்டை ஆகிய ஒன்பதும் அந்தப் பொடியில் உள்ளன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவியின் கூந்தலை அலசும் நீரில் பத்துத் துவரும் (துவர்ப்புச் சரக்கு), ஐந்து விரையும் (நறுமணப் பொருள்), முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் (நீரில் ஊறவைக்கும் வாசனைச் சரக்கு) ஊறியிருந்ததாக வருகிறது. அந்தப் பத்துத் துவர் எவை என்று பழைய உரை சொல்லும் பட்டியலும் இதுவேதான்; இத்தி ஒன்று மட்டும் இங்கே குறைகிறது. அதைக் கடைக்காரப் பெரியவரிடம் கேட்டேன். "இத்திப் பட்டை நல்லதா கிடைக்க மாட்டேங்குதும்மா. போடாத சரக்க போட்டேன்னு எழுத மாட்டேன்" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அவரிடம் மீண்டும் போகலாம் என்று தோன்றியது.

இந்தப் பொடி அதிகம் நுரைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்பது சரக்குகளில் அழுக்கை எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பூந்திக்கொட்டையில் உள்ள சபோனின் என்னும், சோப்புப் போல நுரைக்கும் இயற்கைப் பொருள்தான் செய்கிறது. மற்றவை, பெயருக்கேற்ப, துவர்ப்பால் தலையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை இறுக்கி விலக்குபவை. ஷாம்புவின் நுரைக்குப் பழகியவர்கள் முதல் இரண்டு முறை ஏமாற்றமடைவார்கள். என் மகளும் அடைந்தாள்.

பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் செய்முறைதான் இதிலுள்ள பெரிய குறை. 'நீரில் குழைத்துத் தலையில் தேய்க்கவும்' என்று அதில் இருக்கிறது. அப்படியே செய்தபோது பட்டைத் துகள்கள் முடிக்குள் சிக்கிக்கொண்டு, பத்துக் குவளை தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. காப்பியத்தில் இருப்பதோ 'ஊறின நன்னீர்', அதாவது சரக்குகள் ஊறிய தெளிந்த நீர்தானே தவிர அரைத்த விழுது அன்று. அதன்படி முந்தைய இரவே மூன்று கரண்டிப் பொடியை வெந்நீரில் போட்டு மூடி வைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றியபோது எல்லாம் சரியாயிற்று. ஊறப்போடுவதற்கு இந்தக் கொரகொரப்பான அரைவையே பொருத்தமானது. ஊறவைக்க இரும்புப் பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நீர் மை போலக் கறுத்துவிடுகிறது, எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைத் துண்டு அப்படித்தான் வீணாயிற்று. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

'நன்னீர்' என்ற சொல்லின் அருமையும் எனக்கு இந்த ஊரில்தான் புரிந்தது. எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. அதில் ஊறவைத்து அலசியபோது முடி நார் போல விறைத்தது. குடிப்பதற்காகப் பிடித்து வைத்த காவிரிக் குடிநீரில் அதே அளவு பொடியை ஊறவைத்தபோது, முடி மிருதுவாக, ஒவ்வோர் இழையும் தனித்தனியாக நின்றது. மாதவி வாழ்ந்த புகாரும் காவிரி கடலில் கலக்கும் இடம்தான் என்பதை நினைத்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது.

அலசிய பிறகு, காப்பியம் சொல்லும் வரிசைப்படி, கூந்தலைப் புகையில் உலர்த்தினோம். கடையில் வாங்கிய சாம்பிராணி சுத்தமானது; தணலில் போட்டதும் கரிநாற்றம் இல்லாமல் வெண்புகை எழுந்தது. இதன் பயன் மணம் மட்டுமில்லை என்பதைப் பின்னர்தான் கண்டேன். ஷாம்பு போட்ட நாட்களில் வழுக்கிக்கொண்டு அவிழும் என் மகளின் கொண்டை, துவர் நீரில் அலசிப் புகையூட்டிய நாட்களில், ஊசி எதுவும் குத்தாமலே மாலைவரை நின்றது. குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி எனக் கூந்தலை ஐந்து வகையாக ஒப்பனை செய்து 'ஐம்பால்' என்று பெயரிட்டவர்களுக்கு, முடி கையில் நிற்பது எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும்! உலர்த்திய கூந்தலுக்கு மாதவி ஊட்டிய மான்மதத்தை, அதாவது கஸ்தூரியை, கடையில் கேட்காதீர்கள். கஸ்தூரி மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பெரியவரும் அதன் பெயரில் போலிச் சரக்கு எதையும் வைத்திருக்கவில்லை.

சீப்பை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியாது. வேலைப்பாடு நன்றாக இருந்தாலும் பற்கள் ஒரே அளவில், ஒரு பக்கம் மட்டுமே உள்ளன. இஸ்ரேலில் லாக்கீசு என்னும் தொல்நகரில் கிடைத்த, ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான தந்தச் சீப்பில், சிக்கெடுக்க ஒரு பக்கம் ஆறு தடித்த பற்களும், பேன் வார மறுபக்கம் பதினான்கு நுண்ணிய பற்களும் உண்டு. தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதலையும் அதன்மேல் பொறித்திருக்கிறார்கள். நம் கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் அறிந்த பிறகு, 80 ரூபாய்க்குச் சிக்கும் முழுதாக எடுக்காத, பேனும் வாராத சீப்பை வாங்க மனம் ஒப்பவில்லை. பழைய இருபக்கப் பேன் சீப்பே போதும்.

ஒரு பொட்டலம் இரண்டு பேருக்கு வாரம் ஒருமுறை என ஐந்து வாரம் வந்தது. நான்காவது பொட்டலம் வாங்கப் போனபோது செய்முறையைத் திருத்தி எழுதும்படி பெரியவரிடம் சொன்னேன். அங்கேயே பேனாவை எடுத்து 'குழைத்து' என்பதை அடித்துவிட்டு 'ஊறவைத்து வடிகட்டி' என்று எழுதினார். இத்திப் பட்டை வந்தால் சொல்வதாக என் கைபேசி எண்ணையும் குறித்து வைத்திருக்கிறார்.