முன்மாதிரியை எப்படி வெளியிடுவது: பூட்டி வைத்தா, உள்ளே புதைத்தா, தனியாகவா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் ஸ்டைல்ஷீட் (ஆவணத்துக்கு வடிவம் கொடுக்கும் விதித்தொகுப்பு) நிரல் ஒருவழியாக ஓடத் தொடங்கியிருக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்த நூலகப் பட்டியலை எக்ஸ்எம்எல் (தகவலுக்குப் பெயர்க்குறி இட்டு எழுதும் முறை) கோப்பாகக் கொடுத்தால், அத்தகைய கோப்புகளை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியின் விதிகளின்படி அச்சுக்கேற்ற பக்கங்களாக மாற்றித் தருகிறது. இதை வெளியே விடுவதில் எங்களுக்குள் மூன்று கட்சி. முழுதாக முடியும்வரை பூட்டி வைப்போம் என்கிறார் ஒருவர். நூலக மென்பொருளுக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். தனி நிரலாக, 'முன்மாதிரி' என்று நெற்றியில் எழுதிக் கொடுப்போம் என்பது என் கட்சி.

பூட்டி வைப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எக்ஸ்எம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல் 1986-இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமானது. அந்த ஆவணங்களுக்கு வடிவம் கொடுக்கும் டிஎஸ்எஸ்எஸ்எல் தரமாக வந்தது 1996-இல். ஸ்கீம் என்ற நிரல்மொழியின் மேல் கட்டிய அருமையான வேலைதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் இணையப் பக்கங்களுக்கு வடிவம் கொடுக்கும் எளிய சிஎஸ்எஸ் வந்துவிட்டது, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. முழுமைக்காகக் காத்திருந்தால் நமக்கும் இதே கதிதான்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அதற்கு 1999-ஐப் பார்த்தாலே போதும். அந்த மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவி, எக்ஸ்எஸ்எல்லின் (எக்ஸ்எஸ்எல்டி இதிலிருந்து பிரிந்ததுதான்) வரைவு ஒன்றைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தது. நவம்பர் 16-இல் எக்ஸ்எஸ்எல்டி 1.0 இறுதியானபோது பெயர்வெளியே (விதி எந்த மொழியைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாள முகவரி) மாறியிருந்தது. பழைய ஸ்டைல்ஷீட் புதிய நிரல்களில் ஓடவில்லை. புதியது அந்த உலாவியில் ஓடவில்லை. வரைவு என்று தெரியாமலே எழுதியவர்கள் இரண்டு பிரதி வைத்துப் பராமரித்தார்கள்.

அதே காலத்தில் ஜேம்ஸ் கிளார்க், எக்ஸ்எஸ்எல்டி விதிகளை இயக்கும் எக்ஸ்டி என்ற ஜாவா நிரலை வெளியிட்டுவந்தார். எக்ஸ்எஸ்எல்டி தரத்தின் பதிப்பாசிரியரும் அவரே. வரைவு மாற மாற அவருடைய நிரலும் மாறியது. பதிப்புகளுக்குத் தேதியே பெயர். அதுவும் அரைகுறைதான். ஆனால் அரைகுறை என்று தெரிந்தே எடுத்தவர்கள் அதை வைத்து வேலை செய்தார்கள், பிழைகளைச் சொன்னார்கள்.

எங்கள் நிரலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். யூனிகோடு எண் வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தே நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கனகம் முன்னே வருவாள், கமலம் பின்னே போவாள். அகராதியில் அப்படி இல்லை. கொடுவாயூர் இன்னும் மோசம்: 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு இரண்டு வேறு ஊர்கள். மலையாளத்திலும் இதே கதைதான். இதைச் சமன்செய்யும் வசதி, எக்ஸ்எஸ்எல்டி தன் விதிகளுக்குள் பயன்படுத்தும் எக்ஸ்பாத் மொழியில் 2007-இல் வந்த 2.0-இல்தான் சேர்ந்தது, நாங்கள் எழுதியிருப்பது 1.0.

இது நூலக மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், நூலகர் அக்கா பட்டியலைப் பார்த்து, கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார். தனி நிரல் என்றால், 'தமிழ் அகரவரிசை இன்னும் எழுதப்படவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லலாம்.

ஆனால் ஒன்று. அந்த அக்கா கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் போவதில்லை. உள்ளே சேர்க்கச் சொல்பவரின் வாதத்தில் இது மட்டும் அசைக்க முடியாதது. அதனால் முதல் பதிப்பு டிடிபி கடைக்காரர்களுக்கும் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கும் மட்டும் போகட்டும் என்கிறேன். பதிப்புக்குத் தேதியே பெயராக இருக்கட்டும். இல்லாத வசதிகளின் பட்டியல் கோப்புடனே போகட்டும். இவ்வளவுக்கும் மூவரும் சம்மதம். தமிழில் அடுக்கச் சொன்னால் எச்சரித்துவிட்டுத் தொடர்வதா, அங்கேயே நிறுத்துவதா என்பதில்தான் இன்னும் இழுபறி. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? நிறுத்த வேண்டும் என்பேன்.